"நெட் வரல": கையால கட்டுன லினக்ஸ்ல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஒளிஞ்சிருந்த கோளாறுங்க

சொந்தமா கட்டுன சிஸ்டத்துல நெட் வரலன்னா எது கெட்டுப்போச்சுன்னு தேடுறதுல பிரயோஜனம் கம்மி, எது இன்னும் உள்ள வரவே இல்லன்னுதான் தேடணும். உபுண்டு, டெபியன் மாதிரி ரெடிமேட் டிஸ்ட்ரோல எல்லாத்தையும் யாரோ ஒருத்தங்க ஏற்கெனவே யோசிச்சு வச்சிருப்பாங்க, அதனால நேத்து ஓடுனது இன்னைக்கு ஓடலன்னா நடுவுல என்ன மாறுச்சுன்னு பாத்தா பாதி வேலை முடிஞ்சிடும். கையால கட்டுனதுல நேத்துன்னு ஒண்ணே கிடையாது. அதோட ஒரு பொருள் உள்ள இல்லாட்டி அது எர்ரர் கூட சொல்லாது, ஏன்னா எர்ரர் சொல்ல வேண்டியதே அந்தப் பொருள்தான். இந்தக் கேஸ் முழுக்க இதேதான் நடந்துச்சு, அதனால முழுசா எழுதி வைக்கிறேன், இதே மாதிரி கட்டிக்கிட்டு இருக்கிற பசங்களுக்கு உதவும்.

மெஷின் என் சித்தி பையனோடது, இன்ஜினியரிங் படிக்கிறான். எல்எஃப்எஸ், அதாவது லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச், 1999ல ஜெரார்ட் பீக்மன்ஸ் ஆரம்பிச்ச புத்தகம், கம்பைலர்ல ஆரம்பிச்சு பூட் லோடர் வரைக்கும் ஒவ்வொண்ணா சோர்ஸ்ல இருந்து நாமளே கட்டிக்கிறது. அதுல சிஸ்விஇனிட் (பூட் ஆகுறப்போ சர்வீஸ்கள ஸ்க்ரிப்ட் வச்சு ஆரம்பிக்கிற பழைய முறை) வகைய எடுத்து, ஏற்கெனவே டெபியன் ஓடிக்கிட்டு இருந்த அதே டெஸ்க்டாப்ல இன்னொரு பார்ட்டிஷன்ல கட்டியிருந்தான். புத்தகம் கர்னலுக்கு, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதிக்கு, டெஃப்கான்ஃபிக்ங்கிற வழக்கமான செட்டிங்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுது, இவன் சின்னதா இருக்கணும்னு கிட்டத்தட்ட எல்லாமே ஆஃப்ல இருக்கிற டைனிகான்ஃபிக்ல ஆரம்பிச்சு தேவைன்னு பட்டத மட்டும் ஒவ்வொண்ணா ஆன் பண்ணியிருந்தான். சிஸ்டம் இருக்கிற ரூட் பார்ட்டிஷன் என்க்ரிப்ட் பண்ணது, அதனால பூட் ஆகுறப்போ பாஸ்வேர்ட் கேக்குறதுக்கு பிசிபாக்ஸ் (அடிப்படை கமாண்டுகள் எல்லாம் ஒரே புரோகிராமா இருக்கிறது) வச்சு ஒரு குட்டி இனிட்ராம்எஃப்எஸ்ஸும், அதாவது ரூட் பார்ட்டிஷன் திறக்குறதுக்கு முன்னாடி மெமரியில ஓடுற தற்காலிக சிஸ்டமும், அவனே எழுதியிருந்தான். இது எல்லாமே நல்ல வேலை, மனசாரச் சொல்றேன், இந்த வயசுல இவ்வளவு பொறுமையா உக்காந்து கட்டுறது சாதாரணம் இல்ல.

பிரச்சனைன்னு அவன் சொன்னது ஒரே வரி: "அண்ணா, கர்ல் அடிச்சா ஹோஸ்ட்ட ரிசால்வ் பண்ண முடியலன்னு வருது, டிஎன்எஸ் போச்சு." கர்ல்ங்கிறது கமாண்ட் லைன்ல வெப் அட்ரஸ இறக்குற புரோகிராம், டிஎன்எஸ்ங்கிறது சைட் பேர ஐபி நம்பரா மாத்திக் கொடுக்கிறது. அந்த மெசேஜ நம்பி, எந்த டிஎன்எஸ் சர்வர்கிட்ட கேக்கணும்னு எழுதி வைக்கிற ரிசால்வ் கான்ஃப் ஃபைல திரும்பத் திரும்ப மாத்தியிருக்கான், 8.8.8.8 போட்டு, 1.1.1.1 போட்டு, ஃபைலையே அழிச்சுட்டுப் புதுசா எழுதி. இந்த அழிச்சு எழுதுனது பின்னாடி வேற ஒரு தொல்லையாவே வந்து நின்னுச்சு, அத அப்புறம் சொல்றேன்.

கர்ல் மாதிரி மேல் அடுக்குல இருக்கிற புரோகிராம் அதோட கண்ணுக்குத் தெரிஞ்சத மட்டும்தான் சொல்லும். அது முதல்ல செய்யுற வேலை பேர நம்பரா மாத்துறது, கேபிளே இல்லாட்டியும் அந்த மொத வேலையிலதான் தடுக்கி விழும், அதனால டிஎன்எஸ் கோளாறு மாதிரியே தெரியும். கேபிள் இல்ல, கார்டு இல்ல, ஐபி இல்ல, வெளிய போற வழி இல்ல, எல்லாத்துக்கும் அதே ஒரே மெசேஜ்தான். அதனால கீழ இருந்து மேல வர்றதத் தவிர வேற வழி இல்ல, அதுவும் ஒரு அடுக்கு உறுதியாகாம அடுத்ததுல கை வைக்கக்கூடாது.

முதல்ல கையில இருக்கிற ஒரு நல்ல விஷயத்த எடுத்துக்கிட்டோம். அதே மெஷின், அதே கேபிள், அதே ரவுட்டர், டெபியன்ல பூட் பண்ணா நெட் வருது. அப்போ கேபிள், போர்ட், ரவுட்டர், சர்வீஸ் கொடுக்கிறவங்க, எல்லாத்தையும் ஒரே அடியில ஓரம் கட்டிடலாம். எல்எஃப்எஸ் கட்டுறவங்க ஹோஸ்ட் சிஸ்டத்த முடிஞ்சதும் அழிச்சிடாதீங்கன்னு நான் சொல்றது இதுக்காகத்தான், ஒப்பிட்டுப் பாக்க ஒரு நல்ல சிஸ்டம் பக்கத்துலயே இருக்கிறது பெரிய பலம், டவுன்லோட் பண்றதுக்கும் அதுதான் கை கொடுக்கும்.

எல்எஃப்எஸ்ல பூட் பண்ணி, நெட்வொர்க் கார்டுகளக் காட்டுற ஐபி லிங்க் கமாண்ட் அடிச்சா லூப்பேக் (மெஷின் தன்கிட்டயே பேசிக்கிறதுக்கு இருக்கிறது) மட்டும்தான் வருது. கார்டுன்னு ஒண்ணே இல்ல. இங்கயே டிஎன்எஸ் கதை முடிஞ்சுது. ஆனா பின்னாடி போர்ட்ல லைட் எரியுது, அத வச்சு கார்டு வேலை செய்யுதுன்னு பையன் சாதிக்கிறான். போர்ட்ல லைட் எரியுறதுக்கு ஓஎஸ் தேவையே இல்ல, மெஷின் ஆஃப்ல இருக்கிறப்போ கூட நிறைய போர்டுல எரியும், கார்டுக்கு கரண்ட் வருது, எதிர்முனையில ரவுட்டர் இருக்குன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம்.

போர்டுல இருக்கிற பிசிஐ சாமான்கள லிஸ்ட் போடுற எல்எஸ்பிசிஐ அடிப்படை எல்எஃப்எஸ்ல கிடையாது, அதனால சிஸ் டைரக்டரிக்குள்ள போய் பிசிஐ டிவைஸ் ஒவ்வொண்ணோட கிளாஸ் ஃபைலயும் படிச்சோம். 020000ன்னு இருக்கிறதுதான் ஈதர்நெட் கார்டு. அது இருந்துச்சு, டிவைஸ் நம்பர் 8168, வீட்டு போர்டுகள்ல ரொம்ப சாதாரணமா வர்ற ரியல்டெக் கிகாபிட் சிப். அதே டைரக்டரியில டிரைவர்ங்கிற பேர்ல ஒரு லிங்க் இருக்கணும், எந்த டிரைவர் இந்தக் கார்டப் பிடிச்சிருக்குன்னு காட்டுறது. அது இல்ல. ஆனா எல்எஸ்மாட் அடிச்சா ஆர்8169 மாட்யூல் (கர்னல் தேவைப்படுறப்போ எடுத்துக்கிற டிரைவர் துண்டு) லோட் ஆகியிருக்குன்னு சொல்லுது. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த நல்லா மனசுல வாங்கிக்கணும்: மாட்யூல் மெமரிக்குள்ள வந்தது வேற, அது கார்டப் பிடிச்சுக்கிட்டது வேற. எல்எஸ்மாட்ல பேரப் பாத்ததும் டிரைவர் சரியா இருக்குன்னு முடிவு பண்ணிட்டு மேல போயிடுறவங்க ரொம்பப் பேர்.

கர்னலோட லாகக் காட்டுற டிமெசேஜ்ல தேடுனா விஷயம் அங்கயே எழுதியிருக்கு. ரியல்டெக் மாட்யூல் லோட் ஆகல, ஒருவேளை இனிட்ராம்எஃப்எஸ்ல சேர்க்கணுமோன்னு டிரைவரே சொல்லியிருக்கு, அதுக்கு அடுத்த வரியில ப்ரோப், அதாவது கார்டப் பிடிக்கிற முயற்சி, ஃபெயில், எர்ரர் -49. இவ்வளவு தெளிவா கர்னல் நம்மகிட்ட பேசுறது அபூர்வம். ஆனா அது பூட் ஆன மொத ரெண்டு செகண்டுல, பாஸ்வேர்ட் கேக்குறதுக்கு முன்னாடி ஓடிப்போன வரி, யாரும் பாக்க வாய்ப்பே இல்ல.

என்ன நடந்துச்சுன்னா, இந்த சிப்புக்குள்ள ரெண்டு பாகம் இருக்கு. ஒண்ணு ஃபிரேம் அனுப்புற வாங்குற பாகம், அத மேக்ன்னு சொல்வாங்க. இன்னொண்ணு கேபிள்ல சிக்னல் போடுற பாகம், அது பிஹெச்ஒய். முன்னாடி ஆர்8169 டிரைவரே ரெண்டையும் பாத்துக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் கர்னல்காரங்க பிஹெச்ஒய் வேலையத் தனியா பிரிச்சு ரியல்டெக்ங்கிற இன்னொரு மாட்யூலுக்குக் கொடுத்துட்டாங்க. கர்னல் கான்ஃபிக்ல ஆர்8169 ஆன் பண்ணா ரியல்டெக்கும் தானா ஆன் ஆகிடும், அதனால கம்பைல் பண்றப்போ ரெண்டுமே உருவாகிடுச்சு, ரெண்டுமே அவனோட ரூட் பார்ட்டிஷன்ல ஒழுங்கா இருந்துச்சு. ஆனா இனிட்ராம்எஃப்எஸ்குள்ள ஆர்8169 மட்டும்தான் இருந்துச்சு.

அது ஏன்னு பாத்தா அவனோட காப்பி பண்ற ஸ்க்ரிப்ட். போர்டுல இருக்கிற எல்லா சாமானுக்கும் மாட்யூல் லிஸ்ட் எடுத்து, மாட்யூல்ஸ் டெப் ஃபைலப் பாத்து அது எதையெல்லாம் சார்ந்திருக்கோ அதையும் சேர்த்து எடுத்து வச்சிருக்கு. நியாயமான ஸ்க்ரிப்ட்தான். ஆனா ஆர்8169க்கும் ரியல்டெக்குக்கும் இருக்கிறது சாஃப்ட்டெப், அதாவது இவன் வர்றதுக்கு முன்னாடி அவனக் கூப்பிடுங்கன்னு ஒரு வேண்டுகோள் மாதிரி, கட்டாய உறவு இல்ல. அது மாட்யூல்ஸ் டெப்ல வராது, பக்கத்துல மாட்யூல்ஸ் சாஃப்ட்டெப்ன்னு தனி ஃபைல் இருக்கு, அதுலதான் இருக்கும். அந்த ஃபைல இவன் ஸ்க்ரிப்ட் தொடவே இல்ல.

அப்போ ரூட் பார்ட்டிஷன் மவுன்ட் ஆனப்புறமாவது சரியாகியிருக்கணுமே, அங்கதான் ரியல்டெக் இருக்கேன்னு பையன் கேட்டான், நல்ல கேள்வி. டிவைஸப் பாத்து டிரைவரக் கூப்பிடுற யூடெவ் வந்து எல்லா டிவைஸையும் ஒரு தடவ எழுப்பி மாட்யூல லோட் பண்ணச் சொல்லும்தான், ஆனா ஆர்8169 ஏற்கெனவே மெமரியில உக்காந்திருக்கு, லோட் பண்ண எதுவும் இல்லன்னு மாட்யூல லோட் பண்ற மாட்ப்ரோப் கமாண்ட் திரும்பிடும். கார்டுகிட்ட ஒரு தடவ கேட்டுத் தோத்த டிரைவர் தானா திரும்பக் கேக்காது. அதனால கார்டு இருக்கு, ரெண்டு மாட்யூலும் டிஸ்க்ல இருக்கு, ஆனா நெட் இல்ல.

உறுதிப்படுத்த ஆர்8169ஐ ஆர்எம்மாட் பண்ணி எடுத்துட்டு மாட்ப்ரோப்ல திரும்ப லோட் பண்ணோம். இந்த மாட்ப்ரோப் சாஃப்ட்டெப் பாக்கும், அதனால ரியல்டெக்க முதல்ல கூட்டிட்டு வந்துச்சு, கார்டு உடனே எழுந்துடுச்சு. நிரந்தரமா சரி பண்ண, இனிட்ராம்எஃப்எஸ்ல ரியல்டெக்கையும் சேர்க்கலாம்னு அவன் சொன்னான், நான் அதுக்கு எதிரா ஆர்8169ஐயே அங்கிருந்து எடுக்கச் சொன்னேன். ரூட் பார்ட்டிஷன் நெட்வொர்க்ல இல்ல, லோக்கல் டிஸ்க்ல இருக்கு, பாஸ்வேர்ட் கேக்க எதுக்கு ஈதர்நெட்? இனிட்ராம்எஃப்எஸ்ல எவ்வளவு கம்மியா இருக்கோ அவ்வளவு நல்லது, ரூட் மவுன்ட் ஆக என்ன வேணுமோ அது மட்டும் போதும், மிச்சத்த யூடெவ் பாத்துக்கும்.

அதே டிமெசேஜ்ல இன்னொரு வரியும் வந்துச்சு, ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஏத்துற குட்டி சாஃப்ட்வேர்) ஃபைல் லோட் பண்ண முடியல, -2ன்னு. -2ன்னா அந்த ஃபைலே இல்லன்னு அர்த்தம். பையன் உடனே அதப் பிடிச்சுக்கிட்டான், இதுதான் காரணம்னு. இல்ல. இந்த சிப்புகள்ல பெரும்பாலானது ஃபர்ம்வேர் ஃபைல் இல்லாமலே ஓடும், அந்த ஃபைல் பிஹெச்ஒய்க்கு ஒட்டுப்போடுற சின்னச் சின்ன திருத்தங்கதான். லிங்க் 1000 எம்பிபிஎஸ்ல வந்து நின்னுச்சு. அத ஒரு பேப்பர்ல குறிச்சு வச்சுட்டு மேல போனோம், கடைசியில லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்புல இருந்து அந்த ஒரு ஃபைல மட்டும் எடுத்துப் போட்டுட்டான். ஒரு கோளாறத் தேடுறப்போ கண்ணுல படுற ஒவ்வொரு எச்சரிக்கைய நோக்கியும் ஓடுனா எதுவுமே முடியாது.

கார்டு வந்துச்சு, ஆனா பேர் இஎன்பி3எஸ்0. அவனோட கான்ஃபிக் ஃபைல் ஈத்0க்கு எழுதுனது. பூட் ஸ்க்ரிப்ட் ஈத்0வத் தேடிட்டு இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுது, நியாயம்தானே. இது பெரிய விஷயம் இல்ல, ஃபைல் பேரையும் உள்ள இருக்கிற இன்டர்ஃபேஸ் பேரையும் மாத்துனா முடிஞ்சுது, இல்லாட்டி கர்னல் பாராமீட்டர்ல நெட் ஐஎஃப்நேம்ஸ் 0ன்னு கொடுத்து பழைய பேரையே வச்சுக்கலாம். 2013ல சிஸ்டம்டி 197ல இருந்து இந்தப் புதுப் பேர் வைக்கிற முறை வந்துச்சு, சிஸ்விஇனிட் எல்எஃப்எஸ்லயும் யூடெவ் அதே ஊர்ல இருந்து வர்றதால இங்கயும் அதே பழக்கம். 3ங்கிறது பிசிஐ பஸ் நம்பர். போர்டுல புதுசா ஒரு கார்டு சொருகுனா அந்த நம்பர் நகர்ந்து பேரே மாறிப்போக வாய்ப்பு இருக்கு, அத மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்.

அடுத்தது ஐபி. கான்ஃபிக் ஃபைல்ல புத்தகத்துல உதாரணத்துக்குக் கொடுத்திருந்த 192.168.1.2, கேட்வே (வெளிய போற வாசல், அதாவது ரவுட்டர்) 192.168.1.1 அப்படியே இருந்துச்சு. வீட்டு ரவுட்டர் 192.168.0.1. ஃபோன்ல வைஃபை செட்டிங்ஸ்ல போய்ப் பாத்ததும் தெரிஞ்சுது. ஆனா இத ஃபோன் இல்லாம பிங் (எதிர்ல ஆள் இருக்கான்னு தட்டிக் கேக்குற கமாண்ட்) மெசேஜ வச்சே கண்டுபிடிச்சிருக்கலாம், இந்த இடத்த நான் அவனுக்கு நிறுத்தி நிதானமா சொல்லிக்கொடுத்தேன், ஏன்னா மூணு விதமான தோல்விய மூணு விதமாப் படிக்கத் தெரியணும். நெட்வொர்க் அன்ரீச்சபிள்ன்னு வந்தா நம்ம கர்னல்லயே அந்த ஊருக்கு வழி எழுதல, பாக்கெட் வீட்ட விட்டே கிளம்பல. ஹோஸ்ட் அன்ரீச்சபிள்ன்னு நம்ம சொந்த ஐபியில இருந்தே பதில் வந்தா, வழி இருக்கு, கேபிள்ல ஏஆர்பி கேள்வி போயிருக்கு, இந்த ஐபி யாருதுன்னு கேட்டதுக்கு யாருமே கை தூக்கல. எதுவுமே வராம சும்மா நின்னா, பாக்கெட் போயிருக்கு, திரும்பி வரல, அல்லது வந்தத நாமளே வாசல்ல தடுத்துட்டோம். இவனுக்கு வந்தது ரெண்டாவது. பக்கத்து மெஷின்கள லிஸ்ட் போடுற ஐபி நெய் அடிச்சுப் பாத்தா கேட்வேக்கு நேரா ஃபெயில்டுன்னு இருந்துச்சு, கேபிள் ஓகே, எதிர்ல அந்த ஐபியில யாரும் இல்லன்னு அதுலயே தெரிஞ்சுடுது.

கையால 192.168.0.50 போட்டு ரவுட்டர் பிங் ஆச்சு, 8.8.8.8ம் பிங் ஆச்சு. ஆனா ரவுட்டர் அதே நம்பர நாளைக்கு வேற ஃபோனுக்குக் கொடுத்துட்டா ரெண்டும் மோதும், அதனால ரவுட்டரே ஐபி கொடுக்கிற டிஹெச்சிபிதான் சரி. அடிப்படை எல்எஃப்எஸ்ல டிஹெச்சிபி கிளையன்ட் கிடையாது, டிஹெச்சிபிசிடியோட சோர்ஸ டெபியன் பக்கம் போய் இறக்கிட்டு வந்து கட்டுனான். ஓட்டுனா அட்ரஸ் ஃபேமிலி சப்போர்ட் இல்லன்னு ஒரு எர்ரர்.

டைனிகான்ஃபிக் இங்கதான் திரும்ப வந்து நிக்குது. டிஹெச்சிபி கேக்குறப்போ நமக்கு இன்னும் ஐபியே இல்ல, சாதாரண சாக்கெட் (புரோகிராம் நெட்வொர்க்கோட பேசுற வாசல்) வச்சு அந்தப் பேச்ச நடத்த முடியாது, நேரா ஈதர்நெட் ஃபிரேமையே கையில எடுக்கிற பாக்கெட் சாக்கெட் வேணும். கர்னல் கான்ஃபிக்ல அதுக்கு பாக்கெட்ன்னே ஒரு ஆப்ஷன் இருக்கு, நெட்வொர்க்கிங் மெனுவுக்குள்ள மேலேயே இருக்கும், ரெடிமேட் கர்னல் எல்லாத்துலயும் ஆன்ல இருக்கிறதால யாரும் அதக் கண்டுக்கிறதே இல்ல. இவன் என்னன்னு தெரியலன்னு விட்டுட்டுப் போயிருக்கான். ஆன் பண்ணி கர்னல திரும்பக் கட்டுனதும் முதல் தடவையே ஐபி வந்துச்சு. டிசிபிடம்ப்புக்கும் இதே ஆப்ஷன்தான் வேணும், அதாவது நெட்வொர்க்க ஆராயப் போற கருவியே இது இல்லாம ஓடாது, அதனால கர்னல் எவ்வளவு சின்னதா வேணும்னாலும் கட்டுங்க, இத மட்டும் எடுக்காதீங்க.

இப்போ நிஜமாவே டிஎன்எஸ்க்கு வந்தாச்சு. ரூட்டா, அதாவது அட்மின் யூசரா இருந்து கர்ல் அடிச்சா பேர் ரிசால்வ் ஆகுது. அவனோட சொந்த யூசர்ல அடிச்சா பழையபடி ஹோஸ்ட்ட ரிசால்வ் பண்ண முடியலன்னு வருது. அதே மெஷின், அதே செகண்ட். ரூட்டுக்கு வருது யூசருக்கு வரலன்னா நெட்வொர்க்க மறந்துடணும், அது பர்மிஷன்தான். ரிசால்வ் கான்ஃப் ஃபைல்ல எல்எஸ் அடிச்சா பர்மிஷன் 600, ரூட் மட்டும்தான் படிக்கலாம். முன்னாடி டிஎன்எஸ்தான் போச்சுன்னு நினைச்சு ஃபைல அழிச்சு அழிச்சுப் புதுசா எழுதுனான்னு சொன்னேனே, ரூட்டோட ஷெல் புரொஃபைல்ல பாதுகாப்புக்குன்னு யூமாஸ்க் 077 (புது ஃபைல மத்தவங்க தொடக்கூடாதுன்னு சொல்ற செட்டிங்) வச்சிருந்தான், அதனால புதுசா பிறந்த ஃபைல் ரூட் மட்டும் படிக்கிற மாதிரி பிறந்துச்சு. இல்லாத கோளாறுக்குப் பண்ண வைத்தியம் நிஜக் கோளாறா மாறிடுச்சு. பிடிக்கக் கஷ்டமானதுக்கு காரணம், புரோகிராம்களுக்காகப் பேர் தேடிக் கொடுக்கிற ஜிலிப்சிங்கிற அடிப்படை லைப்ரரியோட நடத்தை: ரிசால்வ் கான்ஃப படிக்க முடியலன்னா பர்மிஷன் இல்லன்னு அது கத்தாது, ஃபைலே இல்லாத மாதிரி எடுத்துக்கிட்டு அமைதியா 127.0.0.1கிட்ட, அதாவது இதே மெஷின்கிட்ட போய்க் கேக்கும். அங்க டிஎன்எஸ் சர்வர் எதுவும் ஓடல, அதனால தற்காலிக தோல்வின்னு ஒரு பதில். புரோகிராம் கர்னல்கிட்ட என்னென்ன கேக்குதுன்னு காட்டுற எஸ்ட்ரேஸ் கட்டி வச்சிருந்தா அந்த ஃபைல ஓபன் பண்றப்போ மறுக்கப்பட்டது ஒரே வரியில தெரிஞ்சிருக்கும். எல்லாரும் படிக்கிற மாதிரி 644 ஆக்குனோம், யூசருக்கும் வந்துச்சு.

பேர் வந்ததும் ஹெச்டிடிபிஎஸ் சைட் எல்லாம் சர்டிஃபிகேட் நம்ப முடியலன்னு சொல்லுச்சு. இது சுலபம், யார நம்பணும்னு சொல்ற ரூட் சர்டிஃபிகேட் பண்டிலே இந்த சிஸ்டத்துல இல்ல. புத்தகத்தோட அடுத்த பாகத்துல அதுக்கு மேக்-சிஏன்னு ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கு, அதுவரைக்கும் டெபியன்ல இருந்த பண்டில் ஃபைல காப்பி பண்ணி ஓட்டுனான். இங்க ஒண்ணு மட்டும்: சர்டிஃபிகேட் செக்க ஆஃப் பண்ணிட்டுப் போற ஆப்ஷன் கர்ல்ல இருக்குன்னு யாராவது சொல்வாங்க, சோர்ஸ் கோட் இறக்கிக் கட்டுற சிஸ்டத்துல அத ஒரு தடவ கூட பண்ணக்கூடாது. அதோட தேதியும் பாத்துக்கணும், போர்டு பேட்டரி போய் மெஷின் பத்து வருஷம் பின்னாடி இருந்தா இதே மாதிரி சர்டிஃபிகேட் எர்ரர்தான் வரும். இவனோடதுல தேதி சரியா இருந்துச்சு.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சப்போதான் இந்தக் கேஸ்லயே ரொம்ப நுட்பமானது வந்துச்சு. பேஜ் எல்லாம் ஓபன் ஆகுது, பெரிய டார்பால் (சோர்ஸ் கோட் கட்டு) கூட முழு ஸ்பீடுல இறங்குது, ஆனா கிட் புஷ் பண்ணா, அதாவது கோட சர்வருக்கு ஏத்துனா, எழுதிக்கிட்டு இருக்கேன்னு சொல்ற இடத்துல அப்படியே நின்னுடுது. எர்ரர் இல்ல, எதுவும் இல்ல, ரொம்ப நேரம் கழிச்சு டைம் அவுட். டெபியன்ல அதே ரெப்போ அதே புஷ் ஒழுங்கா போகுது.

இறக்கம் ஓகே, ஏத்தம் நிக்குது, அதுவும் சின்னது போகுது பெருசு போகலன்னா முதல்ல எம்டியூவ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கிற வரம்ப சந்தேகப்படணும். வீட்டு ஃபைபர் கனெக்ஷன் பிபிபிஓஇ, அதாவது பாக்கெட்டுக்கு மேல இன்னொரு உறை போட்டு அனுப்புற முறை. ஈதர்நெட் பாக்கெட் 1500 பைட் எடுக்கும், அதுல பிபிபிஓஇ 8 பைட் தலைச்சுமை எடுத்துக்கிட்டா வெளிய போற வழி 1492தான். நம்ம மெஷினுக்கு அது தெரியாது, அது பாத்த கேபிள் 1500தான். முழு 1500ல ஒரு பாக்கெட்ட, இத உடைக்காதீங்கன்னு முத்திரை குத்தி அனுப்புது. ரவுட்டர் அத வாங்கி, இந்த வழியில 1492க்கு மேல போகாது, சின்னதா அனுப்புன்னு ஒரு ஐசிஎம்பி (நெட்வொர்க் தன் நிலைமையச் சொல்ற சேதி) மெசேஜ் திருப்பி அனுப்பும், டைப் 3 கோடு 4. மெஷின் அதப் படிச்சு அளவக் குறைச்சுக்கும். பாத் எம்டியூ டிஸ்கவரின்னு சொல்றது இதத்தான். நிறைய ரவுட்டர் டிசிபி கைகுலுக்கல்லயே எம்எஸ்எஸ்ஸ (ஒரு பாக்கெட்ல போற டேட்டாவோட அளவ) 1460ல இருந்து 1452க்கு குறைச்சு விட்டுடும், அந்த வீட்டுல பிரச்சனை கண்ணுலயே படாது. இந்த வீட்டு ரவுட்டர் அதச் செய்யல.

சந்தேகத்த சோதிக்க ஐபி லிங்க்ல இன்டர்ஃபேஸ் எம்டியூவ 1492 ஆக்கிட்டு புஷ் பண்ணோம், உடனே போயிடுச்சு. பையன் இதோடவே விட்டுடலாம்ணான்னான். ஓடுது சரி, ஆனா டெபியன் 1500லயே ஓடுதே, அப்போ இங்க அந்த ஐசிஎம்பி மெசேஜ் எங்க போகுது? அது தெரியாம மூடுனா அடுத்து ஒரு விபிஎன் போட்டதும் இதே கதை வேற நம்பர்ல வரும்.

போனது அவனோட ஃபயர்வால்ல. லினக்ஸோட ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸ்ல, உள்ள வர்ற பாக்கெட்டுக்கான ரூல் வரிசை (இன்புட் செயின்) டிஃபால்ட் டிராப், லூப்பேக்குக்கு அனுமதி, அப்புறம் ஏற்கெனவே இருக்கிற கனெக்ஷனுக்கு அனுமதின்னு எஸ்டாப்ளிஷ்ட் மட்டும் எழுதியிருக்கு. அந்த வரியில வழக்கமா எஸ்டாப்ளிஷ்டும் ரிலேட்டடும் சேர்ந்தே வரும். ரவுட்டர் அனுப்புற அந்த ஐசிஎம்பி எர்ரர் நம்ம டிசிபி கனெக்ஷனச் சேர்ந்தது இல்ல, வேற ஆள்கிட்ட இருந்து அந்தக் கனெக்ஷனப் பத்தி வர்ற சேதி, கனெக்ஷன்களக் கணக்கு வைக்கிற கர்னல் பகுதியான கான்ட்ராக் அதுக்கு ரிலேட்டட்ன்னுதான் பேர் வைக்கும். ரிலேட்டட் இல்லாததால வாசல்லயே கொட்டிடுச்சு. பிங் ரிப்ளை எஸ்டாப்ளிஷ்ட்ல வந்துடும், அதனால பிங் எப்பவும் சந்தோஷமா ஓடி ஐசிஎம்பி நல்லா இருக்குன்னு நம்பவச்சுது. டிஹெச்சிபி பதிலும் வந்துச்சு, ஏன்னா பாக்கெட் சாக்கெட் ஃபிரேம ஐபிடேபிள்ஸ் பாக்குறதுக்கு முன்னாடியே எடுத்துக்கும். ஆக ஃபயர்வால் மேல சந்தேகமே வராத மாதிரி மத்த எல்லாமே வேலை செஞ்சுது.

எம்டியூவத் திரும்ப 1500 ஆக்கிட்டு, செயின் கடைசியில ஒரு லாக் ரூல் போட்டு புஷ் பண்ணோம். ரவுட்டர் ஐபியில இருந்து டைப் 3, கோடு 4, எம்டியூ 1492ன்னு வரிசையா லாக்ல விழுந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் விவாதம் பண்ண எதுவும் இல்ல. ரிலேட்டட் சேர்த்தோம், புஷ் போச்சு, எந்த வழியில போகுதுன்னு காட்டுற ஐபி ரவுட் கெட் அடிச்சுப் பாத்தா அந்த சர்வருக்கு நேரா எம்டியூ 1492ன்னு கர்னல் கத்துக்கிட்டு வச்சிருக்கு, டிஃபால்ட்டா 10 நிமிஷம் ஞாபகம் வச்சுக்கும். டிசிபி எம்டியூ ப்ரோபிங்ன்னு ஒரு கர்னல் செட்டிங் இருக்கு, 1 வச்சா ஐசிஎம்பி வராட்டியும் டிசிபியே தடவித் தடவி அளவக் கண்டுபிடிச்சுக்கும், வெளியூர் சர்வர்கள்ல ஐசிஎம்பிய மொத்தமா அடைச்சு வச்சிருக்கிற இடத்துக்கு அது உதவும். நம்ம சொந்த ஃபயர்வால் தப்பா இருக்கிறப்போ அத ஊன்றுகோலா வச்சுக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

பாதுகாப்புன்னு ஐசிஎம்பிய மொத்தமா அடைக்கிற பழக்கம் இன்னும் நிறைய இடத்துல ஓடுது, அது பாதுகாப்பக் கூட்டுறத விட இந்த மாதிரி பேர் தெரியாத கோளாறத்தான் கூட்டுது. ஐபிவி6க்குப் போனா இன்னும் கறாரு, அங்க நடுவுல இருக்கிற ரவுட்டர் பாக்கெட்ட உடைக்கவே உடைக்காது, அளவு பெருசுன்னு சொல்ற ஐசிஎம்பிய தடுத்தா கனெக்ஷன் நின்னே போயிடும், பக்கத்து மெஷின் எதுன்னு கண்டுபிடிக்கிறதே ஐசிஎம்பிலதான் நடக்குது.

கடைசி சோதனைய ரீபூட்ல பண்ணாம, ஷட்டவுன் பண்ணி பவர் கேபிளையும் கழட்டிட்டுத்தான் பண்ணோம், ஏன்னா வேற ஓஎஸ்ல இருந்து நேரா ரீபூட் ஆகுறப்போ கார்டு அது விட்டுட்டுப் போன நிலைமையிலேயே இருக்கலாம், அத வச்சு ஓடுதுன்னு சொல்லிட முடியாது. பாஸ்வேர்ட் கேட்டுச்சு, ரூட் மவுன்ட் ஆச்சு, அதுக்கப்புறம்தான் ஆர்8169 ரியல்டெக்கோட சேர்ந்து வந்துச்சு, ஐபி வாங்குச்சு, சாதாரண யூசர்ல கிட் க்ளோனும் புஷ்ஷும் போச்சு. கையால பண்ண ஒவ்வொரு மாத்தத்தையும் அவனோட பில்ட் ஸ்க்ரிப்ட்ல ஏத்தச் சொன்னேன், பாக்கெட் ஆப்ஷன், இனிட்ராம்எஃப்எஸ் லிஸ்ட், ரிசால்வ் கான்ஃப் பர்மிஷன், ஃபயர்வால் வரி எல்லாமே, இல்லாட்டி அடுத்த தடவ கட்டுறப்போ இதே வரிசையில இதே கோளாறு திரும்பி வரும். அடுத்து வைஃபை கார்டு போடப் போறான். அதோட டிரைவர கர்னலுக்குள்ளயே கட்டிடலாம்னு அவனுக்கு எண்ணம், ஆனா இன்டெல் வைஃபை டிரைவர் கார்டப் பாத்த உடனே ஃபர்ம்வேர் கேக்கும், அந்த நேரத்துல ரூட் பார்ட்டிஷன் இன்னும் என்க்ரிப்ஷனுக்குள்ள பூட்டித்தான் கிடக்கும், மறுபடி -2தான் வரும். அதனால மாட்யூலாவே வச்சு, ஃபர்ம்வேர ரூட் பார்ட்டிஷன்ல போட்டு, யூடெவ்கிட்ட விட்டுடச் சொல்லியிருக்கேன்.